நாடா போன வழியில் வாசித்த பையன்

சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, "சரஸ்வதித் தாயே மன்னிச்சிக்கோ" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். பல்பம் தின்ற ருசி இன்னும் நாக்கில் நிற்கிற வயசுக்காரர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. மற்றவர்களுக்குச் சொன்னால் மண்ணையா தின்றீர்கள் என்று கேட்பார்கள்.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, காமாட்சிக்குப் பூ வைத்து, அடுப்பு வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம் வகுப்பில் ஒரு பொங்கலுக்கும் மாசி அமாவாசைக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். ஒரு டீச்சரம்மாவைப் பற்றியும், என் அத்தை மகனைப் பற்றியும். அந்த அத்தை மகன்தான் பின்னாளில் எனக்கு மாலை போட்டவர். இப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இன்னாத்த எழுதிக்கினு இருக்கிற?" என்று கேட்கிறார்.

"உங்க மானத்தைத்தான்" என்றேன்.

"அது மிச்சம் இருந்தா எழுது" என்றார்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தடக், தடக் என்று சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பள்ளிக்கூடம். வாய்ப்பாடு சொன்னால் எங்களை அறியாமலே அந்தத் தாளத்தில்தான் சொல்வோம். ஈரெண்டு நாலு, தடக். மூவிரண்டு ஆறு, தடக். அமாவாசையன்று எங்கள் ஆட்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அன்றைக்குத் தெருவே ஊமையாகிவிடும். அன்று வாய்ப்பாடு சொன்னால், தாளம் கிடைக்காமல் நாலிரண்டிலேயே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

பள்ளிக்கூடம் என்றால் நீளமான ஒரு ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் "அணில், ஆடு" என்று கத்தினால், இந்தப் பக்கம் கணக்குப் போடுகிறவன் அணிலைக் கூட்டி ஆட்டைக் கழிப்பான். மூலையில் ஒரு மணிச்சட்டம் இருந்தது. சிவப்பு மணி, பச்சை மணி, உடைந்துபோன மணிகளுக்குப் பதிலாகக் கம்பியில் கோத்த பனங்கொட்டை ஓட்டுத் துண்டு. அதைத் தள்ளினால் வருகிற 'கிளிக்' சத்தத்துக்காகவே கணக்கு வகுப்புக்குக் காத்திருப்போம். வாசலில் புங்கமரம், அதன் கிளையில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் மணி. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே கோதுமை ரவை உப்புமா வாசனை தட்டியைத் தாண்டி வந்துவிடும். அதற்கப்புறம் எந்த எழுத்தும் தலையில் ஏறாது.

பொங்கல் லீவு முடிந்து போனபோது எங்கள் பழைய டீச்சர் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் புதிதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்குள் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் வீட்டுப் பெண். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, முந்தானை தலையைச் சுற்றி வந்து தோளில் நிற்கும். கிட்டே போனால் லேசாக அத்தர் வாசனை. எங்கள் பேச்சைத்தான் பேசினார், ஆனால் நடுவில் பையன்களை "பேட்டா" என்பார், பெண்களை "பேட்டி" என்பார். மகனே, மகளே என்று அர்த்தமாம். எங்களை வாத்தியார்கள் அதுவரை "எலே", "ஏய்" என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

வந்த அன்றைக்கே மேஜை மேலிருந்த பிரம்பை எடுத்தார். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். அவரோ அதன் ரெண்டு முனையிலும் கயிறு கட்டி ஆணியில் மாட்டி, அதில் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டார். மயில், மாடு, மாம்பழம். பிரம்பு அதற்கப்புறம் கீழே இறங்கவே இல்லை.

அவர் வகுப்பு மற்ற வகுப்பு மாதிரி இருக்காது. ஒரு துணிப்பையில் மர எழுத்துகளைப் போட்டுவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தடவி எந்த எழுத்து என்று சொல்லச் சொல்வார். 'ழ' வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், வால் குத்தும். ஒருநாள் ஏரிக் களிமண் கொண்டுவரச் சொல்லி, பிடித்ததைச் செய்யுங்கள் என்றார். நான் பிள்ளையார் பிடித்தேன், தும்பிக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. என் அத்தை மகன் ஒரு நாடா செய்தான். தறியில் நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த நாடா. படகு மாதிரி, ரெண்டு முனையும் கூராக, நடுவில் நூல்கட்டை வைக்கிற குழியோடு. டீச்சரம்மா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை ஜோரா செய்யுற புள்ளைய மந்தம்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார்.

சொன்னது பெரிய வாத்தியார். தலைமையாசிரியரைத்தான் நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம்.

சங்கதி இதுதான். அத்தை மகனுக்கு வாசிக்க வராது. வராது என்றால் சுத்தமாக வராது என்று இல்லை. அதில்தான் வம்பே. கரும்பலகையில் இப்படி எழுதியிருக்கும்:

அம்மா சோறு வடித்தாள்
பூனை பால் குடித்தது
தம்பி மணி அடித்தான்

அவன் எழுந்து நின்று, "அம்மா சோறு வடித்தாள்... குடித்தது பால் பூனை... தம்பி மணி அடித்தான்" என்பான். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். எழுதினாலும் அப்படித்தான். சிலேட்டில் அ ஆ இ ஈ உ ஊ என்று முதல் வரி அழகாக இருக்கும். அடுத்த வரியை வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து எ ஏ ஐ என்று இடது பக்கம் எழுதிக்கொண்டு வருவான். ஒன்றாம் வகுப்பில் பக்கத்துக்கு ஒரு வார்த்தை, ஒரு படம் என்று ஓட்டிவிட்டான். ரெண்டாம் வகுப்பில் வரிவரியாக வந்தபோதுதான் மாட்டிக்கொண்டான்.

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லிவிடுகிறேன். மழையில் ஓடு ஒழுகினால் அவரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். ஆனால் அவருக்கு ஒன்று தாங்கவில்லை. "ஒரு வரி சரியா படிக்கிறான், அடுத்த வரி வேணும்னே தப்பா படிக்கிறான், அதுக்கடுத்த வரி மறுபடி சரியா படிக்கிறான். தெரியாதவனா இருந்தா எல்லா வரியும்ல தப்பா வரணும்? இது திமிரு" என்பார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. நானே அவனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் நினைத்தேன்.

அடித்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்ததே தவிர பூனை நேராகப் பால் குடிக்கவில்லை. கடைசியில் மாமாவை, அத்தை வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், கூப்பிட்டு அனுப்பினார். "இவனுக்குப் படிப்பு ஒட்டாதுப்பா. தறி இருக்குது, தொழில் இருக்குது. அதுல உக்கார வச்சிடு. மத்த புள்ளைங்களும் கெட்டுப் போகுது" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மாமாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பெரிய வாத்தியார் சொன்னால் சரஸ்வதியே சொன்ன மாதிரி. "அமாவாசைக்குத் தறி நிக்கும் சார். அன்னிக்கு வந்து கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் அடுப்பு புகைந்ததே தவிர யாரும் பேசவில்லை. அத்தை மகன் மட்டும், "தறியில உக்காந்தா நானும் பாக்கு போட்டுக்கலாம்ல?" என்றான். அத்தை தலையில் ஒரு குட்டு வைத்தாள், அப்புறம் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஆசை. தாயார் சந்நிதிக்குப் போனால் அங்கே எழுதிவைத்திருப்பதைப் பிள்ளை வாசித்துக் காட்டவேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வந்து சேர்ந்திருந்தார். மந்தம் இல்லை என்று மனசில் பட்டதும் அவனைக் கிட்டே கூப்பிட்டு, "பேட்டா, விரல் வச்சுப் படி பார்க்கலாம்" என்றார்.

அவன் விரல் வைத்தான். முதல் வரியில் இடமிருந்து வலம் போனது விரல். வரி முடிந்ததும், தூக்கவே இல்லை, அப்படியே ஒரு படி கீழே இறங்கி, வலமிருந்து இடமாக நகர்ந்தது. "குடித்தது பால் பூனை." இடது ஓரம் வந்ததும் கீழே இறங்கி, மறுபடி வலப்பக்கம். "தம்பி மணி அடித்தான்."

டீச்சரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. அவன் முகம் அழப்போகிற மாதிரி ஆகிவிட்டது. உடனே அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பார்த்துச் சிரிக்கல பேட்டா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறேன்" என்றார். அப்புறம் எங்கள் எல்லாரிடமும் சொன்னார். "எங்க வீட்டுல சின்னதுல முதல்ல அரபு ஓதக் கத்துக்கொடுப்பாங்க. அது வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் போகும். அதை முடிச்சுட்டு நான் தமிழ் பள்ளிக்கூடம் வந்தேனா, புத்தகத்தைப் பின்னாலேர்ந்து திறந்தேன். 'தண்ணீர்'னு எழுதியிருக்குது, நான் கடைசி எழுத்துலேர்ந்து படிக்கிறேன். முட்டியிலயே போட்டாங்க. எந்தப் பக்கம் போனா எழுத்து நம்மளை உள்ள விடும்னு எனக்கு ரொம்ப நாள் புரியல."

எங்களால் வாயை மூட முடியவில்லை. வலது பக்கத்திலிருந்து படிக்கிற எழுத்து ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். சாமிக்குத்தான் எத்தனை வழி!

"இப்படிப் போயித் திரும்பி வரணும்னு யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று அவனைக் கேட்டார்.

அவன் திருதிருவென்று முழித்துவிட்டு, "நாடா அப்படித்தானே டீச்சர் போகும்? போயி, திரும்பி வரும். திரும்பி வர்றப்ப சும்மா ஏன் வரணும்?" என்றான்.

அன்றைக்கே சாயங்காலம் டீச்சரம்மா அத்தை வீட்டுக்கு வந்தார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். தறி இருக்கிற அறை வாசலில், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். தறி எங்களுக்குச் சாமி, அதை அவர் எப்படித் தெரிந்துவைத்திருந்தாரோ. மாமா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தவர், பதறி எழப்போனார்.

"எழாதீங்க அண்ணே. நீங்க நெய்யுங்க. நான் பார்க்கணும்."

"பையன் எதுனா பண்ணிட்டானாமா?"

"ஒண்ணும் பண்ணல. நெய்யுங்க."

மாமாவுக்கு வெட்கம். இருந்தாலும் நெய்தார். நாடா வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது. டீச்சரம்மாவின் தலையும் கூடவே போய்ப் போய் வந்தது. அறை ஓரத்தில் பழைய சேலைத் தூளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை மகன் பிறந்ததிலிருந்து அதில் கிடந்துதான் வளர்ந்தான். கண் திறந்தால் முதலில் தெரிகிறது நாடாதான்.

"ஏன் அண்ணே, நாடா திரும்பி வர்றப்ப வெறுமனே வராதா?"

மாமா சிரித்துவிட்டார். "வெறுமனே வந்தா எப்படிமா சேலை ஆவுறது? போறப்பவும் ஓர் இழை, வர்றப்பவும் ஓர் இழை."

"அதேதான்! அதைத்தான் உங்க பையனும் புத்தகத்துல பண்ணிக்கினு இருக்குறான். அவன் மக்கு இல்லண்ணே."

மாமாவுக்கு இது விளங்கவில்லை. புத்தகத்துக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தார். "பெரிய வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன் டீச்சரம்மா. அவரு படிச்சவரு. அமாவாசைக்கு வந்து கூட்டிக்கினு போறேன்" என்றார், ரொம்பத் தாழ்மையாக.

"அமாவாசை வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்ல?"

"அது வரைக்கும் இருக்கட்டும்மா."

அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சரம்மா நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பைக் கழுவப் போனார். அத்தை விடவில்லை. ரெண்டு பேரும் சொம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அத்தைதான் ஜெயித்தாள்.

அதற்கப்புறம் காலையில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பேன். வெயில் வந்த பிறகும் வெளுத்துப்போய் நிற்குமே தேய்பிறை நிலா, அது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அது முழுக்கக் கரைந்தால் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் அவன் உட்காருகிற மணைப்பலகை காலியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

டீச்சரம்மா பெண் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு கை கோலமாவு கொண்டுவரச் சொன்னார். "கோலமாவைக் கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல கொட்டுறதுக்கா அனுப்புறோம்?" என்று அம்மா திட்டிக்கொண்டேதான் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். புங்கமரத்தடியில் உதிர்ந்த இலையைப் பெருக்கிவிட்டு, டீச்சரம்மா தரையில் பெரிய பெரிய எழுத்தாக வரிகள் போட்டார். மாவு அவர் விரலிடுக்கில் நிற்கவே இல்லை. 'மா' போட்டால் மலைப்பாம்பு மாதிரி வந்தது.

"டீச்சர், உங்களுக்குக் கோலம் போட வராதா?"

"எங்க வீட்டுல போட மாட்டோம் பேட்டி. நீ போடு, நான் கத்துக்கறேன்."

நான்தான் போட்டேன். அந்தப் பெருமையில் அன்றைக்கு உப்புமாகூட வேண்டியிருக்கவில்லை.

"இப்போ எழுத்து மேல நடந்து படிக்கணும்" என்றார் ஒரு பையனிடம். அவன் காலை வைக்கவில்லை. சரஸ்வதியை மிதிக்கக்கூடாது என்று எல்லாரும் பின்வாங்கினோம். டீச்சரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமாப்பா, எங்கள்லயும் எழுத்து மேல கால் படக்கூடாது. மறந்தே போனேன். ஓரமா நடங்க" என்றார்.

விளையாட்டு இப்படி. வரியின் ஓரமாக நடந்துகொண்டே சத்தமாகப் படிக்க வேண்டும். வரி முடிந்ததும் உதட்டில் விரலை வைத்து வாயை மூடிக்கொண்டு, ஆரம்ப இடத்துக்கு ஓடி வரவேண்டும். அப்புறம் அடுத்த வரி. திரும்பி வரும்போது ஒரு சத்தம் வந்தாலும் அவுட். போகும்போது கத்தல், வரும்போது ஊமை. எங்களுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. பெரிய வாத்தியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கிளித்தட்டு ஆட விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். மத்தியானத்துக்குள் எறும்புகள் வந்து எழுத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடும். மறுநாள் புதுசாகப் போடுவோம்.

எல்லாருக்கும் வந்தது, அத்தை மகனுக்கு மட்டும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடி வருவான், ஆனால் அடுத்த வரியைக் கண்ணாலேயே பின்னாலிருந்து படித்துக்கொண்டு வருவான். ஆரம்பத்துக்கு வந்து நின்றால் வாயிலிருந்து விழுவது "குடித்தது பால் பூனை"தான். அவுட், அவுட் என்று நாங்கள் குதிப்போம். நிலாவோ அரிவாள் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் அவன் மரத்தில் சாய்ந்து, "சும்மா வரக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்குறாரு. நான் தறிக்கே போயிடுறேன்" என்று அழுதுவிட்டான்.

டீச்சரம்மா அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

"பேட்டா, நீங்க கோயிலுக்குப் போனா சுத்தி வருவீங்கல்ல? பாதியில திரும்பி எதிர்ப்பக்கமா நடப்பீங்களா?"

"ஐயோ, நடக்கக்கூடாது. சாமி குத்தம்."

"அடுத்த சுத்து எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?"

"கொடிமரத்துகிட்ட வந்து கும்புட்டுட்டுத்தான்."

"எதிர்ப்பக்கமா அடுத்த சுத்து சுத்தினா, வர்றவங்க மேல முட்டிக்குவோம்ல? புத்தகத்துலயும் ஒவ்வொரு வரிக்கும் ஆரம்பத்துல ஒரு கொடிமரம் இருக்குது. அது கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மாவை எடுத்து எல்லா வரிக்கும் இடப்பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டார். கோணல்மாணலாகத்தான். ஆனால் மேலே ஒரு சின்னக் கொடிகூட வரைந்தார்.

நான் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கோயில் சுற்றுகிறேன். கொடிமரத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த அம்மா நினைவு வந்துவிடும். கோயிலுக்குள் வந்து சுற்றினவர் இல்லை அவர். சந்நிதித் தெருவில் நடந்துபோகிறபோது வெளியிலிருந்து பார்த்ததுதான். அந்தப் பார்வையில் எத்தனை மரியாதை இருந்திருந்தால் அது சரியான நேரத்தில் ஒரு பிள்ளைக்கு உதவும்!

அவன் எழுந்தான். முதல் வரியைப் படித்தான். வாயை மூடிக்கொண்டு ஓடி வந்தான். கோட்டுக்கிட்டே நின்று, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். கும்பிடுகிறபோது கண்ணை மூடுவோம் இல்லையா? கண்ணை மூடியதில் அந்தப் பின்பக்கப் படிப்பு நின்றுபோனது. கண்ணைத் திறந்ததும் எதிரில் முதல் வார்த்தைதான் இருந்தது.

"பூனை பால் குடித்தது."

நாங்கள் போட்ட கூச்சலில் ஒன்றாம் வகுப்பே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது.

(இந்த இடத்தை வாசித்துக் காட்டினபோது என் வீட்டுக்காரர், "நான் அழல, கண்ணுல மாவு விழுந்துச்சு" என்கிறார். அப்படியே இருக்கட்டும்.)

அமாவாசை வந்தது. தெருவில் சத்தமே இல்லை. மாமா தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தார். பெரிய வாத்தியாரும் கூட வந்தார். மாமா யார் முகத்தையும் பார்க்காமல், பையனின் மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அத்தை மகன் எழுந்துவிட்டான்.

"அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் படிக்கட்டும்" என்றார் டீச்சரம்மா.

"ஏம்மா அவரை நிக்க வச்சிக்கினு..." என்றார் பெரிய வாத்தியார்.

"பரவால்ல சார். இன்னிக்குத் தறி ஓடல. நேரம் இருக்குது" என்றார் மாமா.

டீச்சரம்மா புத்தகத்தைத் திறக்கப் போனார். பெரிய வாத்தியார் வாங்கிக்கொண்டார். "பழகின பக்கம் வேண்டாம், மனப்பாடம் பண்ணியிருப்பான்" என்று சொல்லி, நாங்கள் இன்னும் தொடாத கடைசிப் பாடத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்தார். டீச்சரம்மா முகம் ஒரு மாதிரி ஆனது.

அவன் விரல் வைத்தான். ஏரியைப் பற்றின பாடம். "ஏரியில்... நீர்... நிறைந்தது." எழுத்துக் கூட்டித்தான் படித்தான். தடக் சத்தம் இல்லாத அமைதியில் அவன் மூச்சுகூடக் கேட்டது. வரியின் கடைசிக்கு வந்தது விரல். அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக ஒரு படி கீழே இறங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டு காமாட்சியைக் கூப்பிட்டேன்.

திறந்து பார்த்தபோது அவன் உதடு இறுக மூடியிருந்தது. விரல் காகிதத்தை விட்டு எழும்பி, இடப்பக்கம் ஓடியது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டான். மறுபடி புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்தான். "கொக்குகள்... பறந்து... வந்தன."

"இன்னாத்துக்குடா கும்புடுற?" என்றார் பெரிய வாத்தியார்.

"கொடிமரம் சார்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டான். பக்கம் முடிகிறவரை ஒவ்வொரு வரிக்கும் ஒரு கும்பிடு. ஒரு கொக்குகூடப் பின்னால் பறக்கவில்லை.

டீச்சரம்மா நடந்ததையெல்லாம் சொன்னார். பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "நான் அவன் வாயைத்தாம்மா கேட்டுக்கினு இருந்தேன். விரலைப் பார்க்கவே இல்லியே" என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "நான் சொன்னதை விட்டுடுப்பா. உன் புள்ள, நீ முடிவு பண்ணு" என்றார்.

மாமா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் மனசு வேறு எங்கேயோ இருந்தது. "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "அந்த வெரலு திரும்பி வர்றப்ப எதுவும் பண்ணாம சும்மா வருதே. அது வீண் இல்லியா?"

"இல்லண்ணே. அப்பத்தான் புள்ள மூச்சு வாங்கிக்கிறான்."

மாமா தலையை ஆட்டினார். கக்கத்திலிருந்த பையை எடுத்து மணைப்பலகைமேல் வைத்தார். "சாயந்திரம் நானே வந்து கூட்டிக்கினு போறேன். இன்னிக்குத்தான் தறி இல்லியே" என்று பையனிடம் சொல்லிவிட்டு, டீச்சரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சொன்ன மாதிரியே மணி அடிக்கும்போது வாசலில் நின்றார். எங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெரு வழியாகப் போனார். முதல் கடைக்கு முன்னால் நின்று, போர்டைக் காட்டி, "அது இன்னாடா?" என்றார். அவன் படித்தான். "ம்" என்றார். அடுத்த கடை. "அது?" அவன் எழுத்துக் கூட்டினான், ரெண்டாவது வரிக்கு முன்னால் கும்பிட்டான். கடைக்காரர் தனக்குத்தான் என்று நினைத்துத் திருப்பிக் கும்பிட்டார். மாமா அவசரப்படவில்லை. காபிக் கடை, பாத்திரக் கடை, தையற்கடை, வைத்தியர் வீடு. போகிற வழியில் எழுத்து எங்கே இருந்தாலும் நின்றோம். எனக்குக் கால் வலித்தது, பசித்தது. ஆனாலும் அடுத்த போர்டு எங்கே என்று நானும் தேடினேன்.

எந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது. அவன் சரியாகப் படித்தானா, தப்பாகப் படித்தானா என்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு போர்டுக்கும், விபூதி வேர்வையில் கரைந்த நெற்றியை நிமிர்த்திக் கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டு, "ம், சரி" என்று சொல்லித்தான் அடுத்த அடி எடுத்துவைத்தார்.